ஞாயிற்றுக்கிழமை வராத இருமல்

எம்மவர் இந்நாட்டில் பார்க்கும் வேலைகளைப் பற்றி இப்பக்கங்களில் பலரும் எழுதிவிட்டார்கள். ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவுவது, விடியப்புறம் வீடு வீடாகப் பத்திரிகை போடுவது, வயோதிபர் இல்லத்தில் படுக்கை மாற்றுவது எல்லாம் வந்துவிட்டன. போட்டோ கழுவும் தொழிற்சாலையைப் பற்றி யாரும் எழுதியதாக எங்களுக்கு ஞாபகமில்லை. அந்த வேலையில் மூன்று தமிழர் நிற்கிறோம். ஓ/எல் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்ட கையால்தான் மூவருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறோம். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் குழு திருத்திக்கொள்ளட்டும்.

"இப்பவும் அப்பிடி ஒரு வேலை இருக்கோ? எல்லாரும் ரெலிபோனிலைதானே படம் எடுக்கினம்" என்று கலியாண வீடுகளில் எங்களைக் கேட்பார்கள். இருக்கிறது. ரெலிபோனில் எடுத்த படத்தையும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற சனம் ஜேர்மனியில் நிறைய உண்டு. அவர்கள் அனுப்பும் படங்களில் ஒரு பகுதி இன்றும் பழைய முறைப்படி, வெள்ளி உப்புப் பூசிய கடதாசியில் ஒளியை விழுத்தி, மருந்துத் தொட்டிகளுக்குள்ளால் ஓடவிட்டுத்தான் அச்சாகிறது. பிலிம் சுருள் போட்டுப் படமெடுக்கும் பழக்கமும் இளம் ஆட்களிடையே திரும்ப வந்திருக்கிறது. நத்தாருக்கு முந்திய இரண்டு மாதமும் கலண்டரும் அல்பமுமாக வேலை குவியும். அந்த நேரத்தில் தற்காலிகமாக ஆட்களை எடுப்பார்கள். நாங்களும் அப்படிப் புகுந்தவர்கள்தான். நத்தார் முடிந்தும் எங்களை நிறுத்தவில்லை, ஏனென்றால் மருந்துப் பக்கத்துக்கு வர அங்கு வேறு யாரும் விரும்பவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு பக்கம் இருக்கிறது. முன்பக்க மண்டபத்தில் வர்ணப்பட இயந்திரங்கள். பின்பக்கத்தில் ஓர் இருட்டறை. கறுப்பு வெள்ளைப் படங்களை அங்கே கையால் கழுவுவோம். கண்காட்சி வைக்கும் கலைஞர்கள், தாத்தா காலத்து நெகற்றிவ்களைப் பெட்டியோடு கொண்டு வருபவர்கள் என்று அதற்கென்று ஆட்கள் உண்டு. அதற்கு வாங்கும் காசும் பெரிது. சிவப்பு விளக்கின் கீழே நீளமான ஒரு தொட்டி, அதற்குள் வரிசையாகத் தட்டுகள். கடதாசியை இடுக்கியால் பிடித்து ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிப் போக வேண்டும். குனிந்தபடி நிற்கும் வேலை. முகம் எப்போதும் மருந்துக்கு ஒரு முழத்துக்குள் இருக்கும்.

எங்களில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்றே கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் சிறு வயதில் ஒரு ஸ்ரூடியோவில் எடுபிடியாக நின்றவர். அடையாள அட்டைப் படமும் கலியாணப் படமும் கழுவிக் காயப்போட்ட கை அது. யன்னல் இல்லாத அறை, கதவில் கறுப்புச் சீலை, மின்சாரம் நின்றால் வெளியே வெயிலைப் பிடித்து அச்சடித்த கதை எல்லாம் சொல்லுவார். மருந்து களைத்துவிட்டதா என்று கடதாசியின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மூக்கைச் சுருக்கி ஒருதரம் இழுத்தால் எந்தத் தட்டில் எது எவ்வளவு என்று தெரியும் என்பார். "மூக்குத்தான் தம்பி மீற்றர்" என்பது அவருடைய சொல். இந்த மீற்றரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

முதலில் தட்டுகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதலாவது டெவலப்பர். மெற்றோல், ஐதரோகுவினோன் என்ற பொருட்கள் அதில் இருக்கும். இவை கூடுதலாகத் தோலுக்குத்தான் வில்லங்கம். கையுறை போடாவிட்டால் விரல் இடுக்குகள் வெடித்துப் போகும். நெஞ்சுக்குள் போவது தூளாக வாங்கிக் கரைக்கும்போது எழும்பும் தூசு. இரண்டாவது தட்டு அசற்றிக்கமிலம். ஒன்று இரண்டு வீதம்தான், சமையல் வினாகிரியை விட ஐதானது. ஆனால் போத்தலில் வருவது அப்படியல்ல. சுத்தமான அசற்றிக்கமிலம் 16 பாகைக்குக் கொஞ்சம் மேலேயே பனிக்கட்டிபோல உறைந்துவிடும். மார்கழி மாதத்தில் எங்கள் ஸ்டோரில் போத்தலைக் கவிழ்த்தால் ஊற்றாது. அந்தப் போத்தலின் மூடியைத் திறந்து ஒருதரம் மூச்சிழுத்தவர் பிறகு வாழ்நாளில் மறக்கமாட்டார். அதனால் அதற்கு எல்லோரும் பயம்.

பயப்படாதது மூன்றாவது தட்டுக்குத்தான். ஊரில் ஹைப்போ என்பார்கள். படத்தைப் பதிக்கும் மருந்து. பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். அதற்குள் தயோசல்பேற்றும் சல்பைற்றும் இருக்கின்றன. இரண்டாம் தட்டின் அமிலம் கடதாசியோடு வடிந்து மூன்றாம் தட்டுக்குள் போகப் போக, அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும். சாதாரணதர விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் பாடமாக்கிய கந்தகவீரொட்சைட்டுத்தான் அது. நெருப்புக்குச்சியைத் தட்டியதும் மூக்கின் நுனியில் ஏறுமே ஒரு காரம், அதே காரம். மருந்து பழசானால் கூட வரும், சூடானால் இன்னும் கூட வரும். வினாகிரி மணம் அறை முழுக்க நிற்பதால் இது தனியாகத் தெரிவதில்லை. "இது வெறும் வினாகிரிதானே, ஊறுகாய் போடுறதுதானே" என்று மைஸ்ரர் சிரித்தபோது எங்களுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

முன்பக்கத்து வர்ண இயந்திரங்கள் மூடியவை என்றாலும் அவற்றின் தொட்டிகள் 35 பாகைக்கும் 38 பாகைக்கும் இடையில் சூடாக நிற்பவை. அவற்றில் வெளுப்பதும் பதிப்பதும் ஒரே மருந்தாக இருக்கும். அதிலிருந்து அமோனியா மணமும் கந்தக மணமும் சேர்ந்து வரும். உருளைகளைக் கழுவுவதற்கு மூடியைத் திறக்கும்போதுதான் அந்த ஆவி முழுவதும் முகத்துக்கு வரும். அந்தக் கழுவும் வேலை யாருக்கு என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. கழுவித் தீர்ந்த மருந்திலிருந்து மின்சாரம் பாய்ச்சி வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அந்த மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், ஐதரசன் சல்பைட்டு. வெள்ளி எத்தனை கிராம் வந்தது என்று ஒவ்வொரு மாதமும் எழுதி வைக்கிறார்கள். அறையின் காற்றை யாராவது அளந்து எழுதியதை நாங்கள் முதல் ஐந்து வருடமும் காணவில்லை.

இந்தக் கந்தகவீரொட்சைட்டு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் பிறகு ஒரு நெஞ்சு வைத்தியர் எங்களுக்குப் படம் கீறிக் காட்டினார். அது தண்ணீரில் சுலபமாகக் கரையும். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிவிடும். மூக்கால் மூச்சுவிட்டால் பெரும்பகுதி மூக்கிலேயே தங்கிவிடும். வாயால் மூச்சுவிட்டால் நேராக உள்ளே இறங்கும். மருந்துக் கலன்களைத் தூக்கி ஏற்றுகிறவர், தடிமன் பிடித்து மூக்கடைத்தவர், மூச்சு வாங்கப் படியேறுகிறவர் எல்லோரும் வாயால்தானே மூச்சுவிடுவார்கள். உள்ளே இறங்கியதும் சுவாசக்குழாய்கள் சுருங்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு இது சில நிமிடங்களிலேயே நடக்கும். சுகதேகிக்கு ஒன்றும் செய்யாத அளவே அவரை இழுக்க வைக்கப் போதும். ஐரோப்பிய ஒன்றியம் எட்டு மணித்தியால வேலைக்கு வைத்திருக்கும் எல்லை, காற்றில் பத்து இலட்சத்தில் அரைப் பங்கு. பதினைந்து நிமிடத்துக்கு என்றால் ஒரு பங்கு. அசற்றிக்கமிலத்துக்கோ எட்டு மணித்தியால எல்லை பத்துப் பங்கு. எங்களுக்கு எது பயங்கரமாக மணத்ததோ அதற்கு இருபது மடங்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பொருட்படுத்தாத தட்டில்தான் கண்டிப்பு இருக்கிறது.

மூக்கு மீற்றர் கதைக்கு வருவோம். மூக்கு ஒரு மணத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றால் அதைச் சொல்வதை நிறுத்திவிடும். கறிக்குப் புகைப்போக்கி இல்லாத வீட்டில் இருக்கிறவருக்குத் தன் சட்டை மணப்பது தெரியாது, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஐதரசன் சல்பைட்டு இன்னும் மோசம். அளவு கூடினால் அது மூக்கின் நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று ஆறுதலடையும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். அண்ணையின் பிள்ளைகள், "அப்பாவிலை அச்சாறு மணக்குது" என்று சொல்லிச் சிரிப்பார்களாம். அவருக்கு மணப்பதில்லை. எங்களுக்கும்தான்.

2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தை ஜேர்மனியில் இருந்தவர்கள் மறக்கமாட்டீர்கள். உக்ரேன் யுத்தத்தோடு எரிவாயு விலை ஏறி, வீடுகளில் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்த காலம். எங்கள் இருட்டறையின் காற்றிழுக்கும் விசிறி, சூடாக்கிய காற்றை வெளியே தள்ளுகிறது என்று கண்டுபிடித்தார்கள். முதலில் பாதி வேகத்துக்குக் குறைத்தார்கள். பிறகு, "நீங்கள் மருந்து கலக்கும்போது மட்டும் போடுங்கள்" என்று சொன்னார்கள். அந்த விசிறியும் நல்ல இடத்தில் இருக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே முகட்டில் இருந்தது. தட்டிலிருந்து எழும்பும் ஆவி முகட்டுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் எங்கள் முகத்தைக் கடந்துதான் போக வேண்டும். அதாவது முழு வேகத்தில் ஓடியபோதும் அது ஆவியை எங்கள் மூக்கின் வழியாகத்தான் இழுத்தது. இதை ஒரு படம் கீறிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கட்டியவர்களுக்கு விளங்காமல் போனது ஏனென்று எங்களுக்குத் தெரியாது.

அந்த மாரியில் அண்ணைக்கு இருமல் தொடங்கியது. முதலில் எல்லோரும் கொரோனா என்று பயந்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோம். இல்லை. பிறகு குளிர் என்றார்கள். சிகரெட் என்றார்கள், அவர் பிடிப்பதில்லை. அண்ணி கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தார், வேது பிடிக்க வைத்தார். வேலையிடத்தில் ஒரு போலந்துக்காரர், மருந்து வேலை செய்பவர்கள் பால் குடித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்றார். எங்கள் ஊரிலும் இதே கதை உண்டு என்பதால் மூவரும் கொஞ்சக் காலம் பால் குடித்தோம். பால் போவது இரைப்பைக்கு, காற்றுப் போவது சுவாசப்பைக்கு. பாலில் பழுது ஒன்றும் இல்லை, உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான்.

மைஸ்ரரிடம் சொன்னபோது கொரோனாக் காலத்தில் மிஞ்சிய எவ்.எவ்.பி 2 முகக்கவசப் பெட்டியைத் தூக்கித் தந்தார். அது தூசுக்கும் துளிகளுக்கும் உரியது. வாயு அதற்குள்ளால் தாராளமாகப் போகும். டெவலப்பர்த் தூள் கரைக்கும்போது அதைப் போடுவதில் பிரயோசனம் உண்டு, ஹைப்போத் தட்டுக்கு முன்னால் அது அலங்காரம். கந்தகவீரொட்சைட்டைத் தடுக்க வேறு வடிகட்டி வேண்டும். அதன் பக்கத்தில் மஞ்சள் நிறக் கோடு போட்டிருக்கும். அமோனியாவுக்குப் பச்சைக் கோடு. நிறம் பார்த்து வாங்க வேண்டும். அதைக்கூட நாள் முழுவதும் போட்டுக்கொண்டு குனிந்து நிற்க முடியாது. முகக்கவசம் என்பது மூடியைத் திறக்கும் சில நிமிடங்களுக்கு. மிச்ச நேரத்துக்குக் காற்றைத்தான் திருத்த வேண்டும்.

அண்ணையின் இருமலில் ஒரு முறை இருந்தது. அதை முதலில் கவனித்தவர் அண்ணிதான். வேலையிடத்தில் பெரிதாக இருமமாட்டார். இரவு பதினொரு மணிக்குப் பிறகு எழும்பி யன்னலைத் திறந்துவிட்டு நின்று இருமுவார். வெள்ளி இரவு மோசம். சனி பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறைச்சிக்கறியோடு சாப்பிட்டுவிட்டு ஒரு இருமல்கூட இல்லாமல் நித்திரை கொள்வார். திங்கள் இரவு திரும்பத் தொடங்கும். 2023 ஆவணியில் மூன்று கிழமை லீவில் பாரிஸுக்குப் பிள்ளையார் தேருக்குப் போனார்கள். அங்கே நெரிசலிலும் கற்பூரப் புகையிலும் நின்றவருக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் இரவு இழுப்பே வந்துவிட்டது. "இவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருத்தம் இல்லை. அதென்ன வருத்தம், லீவு பாத்து வாறது?" என்று அண்ணி எங்களைக் கேட்டார். வைத்தியர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான் என்று எங்களுக்குப் பிறகு தெரிந்தது. வேலையில்லாத நாளில் சுகமாக இருக்கிறதா? லீவில் சுகமாக இருக்கிறதா? சில மணித்தியாலம் கழித்து இரவில் வருவதால் பலர் அதை வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லையாம்.

ஆனால் அண்ணை வைத்தியரிடம் போகமாட்டேன் என்று நின்றார். காரணம் எங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இங்கு இருந்தும், விசாவைப் பற்றிய பயம் அவருக்கு எலும்புக்குள் இருக்கிறது. வேலை போனால் சோஷியலுக்குப் போக வேண்டும், சோஷியலுக்குப் போனால் பிள்ளையின் பிரஜாவுரிமை விண்ணப்பம் என்னாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் அதே கணக்கு வேறு விதமாக இருந்தது. 2009க்குப் பிறகு வந்த எங்களுக்கு வதிவிட அனுமதி புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சம்பளத் துண்டுதான் முதலில் காட்ட வேண்டிய பேப்பர். அண்ணை முறையிட்டால் மூவரையும் சேர்த்தல்லவா பார்ப்பார்கள். இருமலை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறவர் ஒருவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் நின்று கேட்காதது போல இருப்பவர்களும் சேர்ந்துதான் அதை அடக்குகிறார்கள்.

இதை உடைத்தது அண்ணையின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு, இரசாயனம் படிக்கிறாள். "அப்பா, உங்கடை வேலையிடத்திலை பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்க வேணும், கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள். ஒவ்வொரு மருந்துக்கும் பதினாறு பகுதி கொண்ட ஒரு தாள் இருக்கும். எல்லா மருந்துக்கும் ஒரே ஒழுங்கு. இரண்டாம் பகுதியில் ஆபத்து, எட்டாம் பகுதியில் காற்றின் எல்லையும் எந்த வடிகட்டி, எந்தக் கையுறை என்பதும். அலுவலகத்தில் ஒரு பைலுக்குள் அது பத்திரமாக இருந்தது. படம் எடுத்துக்கொண்டு போய் அண்ணை வீட்டுக் குசினி மேசையில் வைத்து மகள் வாசிக்க, நாங்கள் நால்வரும் இருந்து கேட்டோம். எச் 335 என்று இருந்தால் சுவாசப்பாதையை உறுத்தலாம் என்று கருத்து. எச் 334 என்றால் மூச்சின் வழி ஒவ்வாமையும் ஆஸ்துமா போன்ற குணங்களும் வரலாம். ஈ.யூ.எச் 031 என்றால் அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். நாங்கள் படங்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றப் பாவிக்கும் சல்பைட்டு மருந்தின் தாளில் அந்தக் கடைசி எண் இருந்தது. அது வைக்கப்பட்டிருந்த தட்டு அமிலப் போத்தல்களுக்கு நேர் கீழே. அடுத்த நாள் காலையே அதை நாங்கள் யாரிடமும் கேட்காமல் வேறு அலுமாரிக்கு மாற்றினோம்.

அந்தப் பிள்ளை இன்னொன்றும் கண்டுபிடித்தாள். ஆபத்தான பொருளோடு வேலை செய்பவருக்கான அறிவுறுத்தலை, அவருக்கு விளங்கும் வடிவத்திலும் விளங்கும் மொழியிலும் கொடுக்க வேண்டும் என்று ஜேர்மன் சட்டத்திலேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது வாயாலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருக்கிறோம். அது என்ன கடதாசி என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இது எங்களோடு தொடங்கிய கதையும் அல்ல. போட்டோக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட 1839இல் பாதரசத்தைச் சூடாக்கி அந்த ஆவியில்தான் படத்தைத் தோன்றச் செய்தார்கள். எங்களுக்குக் கிட்டிய கதை நியூசிலாந்தில் நடந்தது. 1980களில் அங்கே எக்ஸ்றேப் படம் எடுக்கும் மார்ஜரி கோர்டன் என்ற பெண்மணி, தனக்கு வந்த வருத்தம் தன்னைப் போல வைத்தியசாலை இருட்டறைகளில் நின்ற மற்றவர்களுக்கும் வருகிறது என்பதைக் கண்டு எழுதினார். தொண்டை எரிவு, இருமல், நெஞ்சிறுக்கம், தலையிடி, களைப்பு. எக்ஸ்றே டெவலப்பரில் இறுக்குவதற்காகச் சேர்க்கும் குளூற்றரல்டிகைட்டு என்ற பொருளும், பதிக்கும் மருந்திலிருந்து வரும் அதே கந்தகவீரொட்சைட்டும் அங்கே இருந்தன. இருட்டறை வியாதி என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தப் பெயர்ப் பட்டியலுக்குள் அடங்கும் எல்லாக் குணங்களையும் மருத்துவ உலகம் ஒரே வியாதியாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் மருந்தை மூடி வைப்பதும் காற்றைத் திருத்துவதும் அவசியம் என்பதில் பிறகு வாக்குவாதம் இருக்கவில்லை. இன்று பெரும்பாலான வைத்தியசாலைகளில் எக்ஸ்றே கணனியில் விழுகிறது, மருந்துத் தட்டே இல்லை. எங்கள் அறையில் இருக்கிறது.

2024 தை மாதத்தில் அண்ணை வைத்தியரிடம் போனார். கூட்டிப் போனது மகள், வாசல்வரை நாங்களும் போனோம். குடும்ப வைத்தியர் நெஞ்சு வைத்தியரிடம் அனுப்பினார். அவர் ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய் ஒன்று தந்து, ஒரு நாளைக்கு நான்கு தரம் ஊதி எண்ணை எழுதச் சொன்னார், வேலை நாளிலும் லீவு நாளிலும். நான்கு கிழமை எழுதிய கொப்பியைக் கோடு போட்டுப் பார்த்தபோது, எந்த நாள் ஞாயிறு என்று கலண்டர் இல்லாமலே சொல்லலாம் போல இருந்தது. அந்தக் கொப்பிதான் இன்றுவரை எங்கள் கையிலுள்ள பெரிய சாட்சி.

இதில் அறிய வேண்டிய விஷயங்கள் சில உண்டு. எங்களுக்குத் தெரியாமல் இருந்ததால் எழுதுகிறோம். தொழில் வியாதி என்று நியாயமான சந்தேகம் வந்தால் வைத்தியர் அதை அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்கும் இடத்தைப் பெறூவ்ஸ்கெனோசன்ஷாவ்ற் என்பார்கள். தொழில் விபத்துக்கும் தொழில் வியாதிக்குமான காப்புறுதி. அதற்குரிய காசை முதலாளிதான் கட்டுகிறார், எங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிப்பதில்லை. என்ன விசாவோடு வேலை செய்தாலும், சின்ன வேலையாக இருந்தாலும் காப்புறுதி உண்டு. உறுத்தும் வாயுக்களால் வரும் சுவாசக்குழாய் அடைப்பு, அவர்களுடைய வியாதிப் பட்டியலில் 4302 என்ற எண்ணில் இருக்கிறது. முன்பு அந்த வேலையை முற்றாக விட்டால்தான் அதை ஏற்றுக்கொள்வார்கள். அதனால்தான் பலர் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். 2021 தை முதலாம் திகதியோடு அந்த நிபந்தனை எடுபட்டுவிட்டது. தொழிற்சாலைக்கென்று வரும் வைத்தியர் எங்கள் வருத்தத்தை முதலாளிக்குச் சொல்ல முடியாது, அவருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு. காற்றைப் பற்றி உள்ளே சொல்லியும் திருத்தாவிட்டால் அரசாங்கத் தொழிற் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லலாம், அதற்காக ஒருவரைப் பழிவாங்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தில் இருப்பதெல்லாம் நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அண்ணையின் வேலை போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம்.

பங்குனியில் காப்புறுதியிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்து இருட்டறையில் காற்றை இழுத்து அளந்தார். அவர் வருகிற அன்று விசிறி முழு வேகத்தில் ஓடியது. நாங்கள் இருவரும் அவருக்குப் பக்கத்தில் போய், அது வழமையாக ஓடும் வேகத்தைச் சொன்னோம். ஜேர்மன் இலக்கணம் எங்களுக்குச் சரியாக வராது, கையாலும் காட்டினோம். அவர் விசிறியை எங்கள் வேகத்துக்குக் குறைக்கச் சொல்லித் திரும்ப அளந்தார்.

அதன் பிறகு நடந்தவை. தொட்டியின் பின் விளிம்போடு தட்டுகளின் மட்டத்தில் நீளமாக ஒரு வெட்டுவாய் வைத்துக் காற்றை அங்கால் இழுக்கிறார்கள். ஆவி இப்போது எங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறது. புதுக்காற்று எங்கள் முதுகுப் பக்கமாக உள்ளே வருகிறது. மருந்துக் கொம்பனிகளே இருட்டறைக்குச் சொல்லும் அளவு, மணித்தியாலத்துக்குப் பத்துத் தடவை அறையின் காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது. இரண்டாம் தட்டில் அசற்றிக்கமிலத்துக்குப் பதிலாகச் சித்திரிக்கமிலம், தேசிக்காய்ப் புளிப்பு. மணமே இல்லை, படத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை. விலையும் பெரிதல்ல. கடதாசியை நன்றாக வடியவிட்டுத்தான் அடுத்த தட்டில் போடுகிறோம். வேலையில்லாத நேரத்தில் தட்டுகளுக்கு மூடி போடுகிறோம், இருபது யூரோவுக்கு வாங்கிய பிளாஸ்ரிக் பலகை. தூள் டெவலப்பரை நிறுத்தித் திரவமாகவே வாங்குகிறார்கள். இருட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் எம்மவர் வீடுகளிலும் இப்போது உண்டு, குளியலறையில் தட்டு வைத்து ஆசைக்குப் படம் கழுவுகிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: யன்னலைத் திறக்க முடியாத அறை வேண்டாம், தட்டை மூடச் சொல்லுங்கள், பழைய ஹைப்போவை நாட்கணக்கில் திறந்து வைக்க விடாதீர்கள், ஆஸ்துமா உள்ள தம்பி தங்கச்சியை அந்த நேரம் உள்ளே விட வேண்டாம்.

அண்ணை இப்போது முன்பக்கத்தில் கடதாசி வெட்டும் பகுதியில் நிற்கிறார். சம்பளம் குறையவில்லை. இரவு இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. காலையும் மாலையும் குழாய் மருந்து இழுக்கிறார். படியேறும்போது இரண்டாம் மாடியில் ஒருதரம் நிற்பார். ஒருதரம் இப்படி உறுத்துப்பட்ட நெஞ்சு பிறகு வாசனைத் தைலம், குளிர்க்காற்று, மிளகாய் வறுக்கும் புகை எல்லாவற்றுக்கும் சுருங்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதனால் அண்ணி மிளகாய்த்தூள் வறுப்பதைப் பல்கனிக்கு மாற்றிவிட்டார். கீழ்வீட்டு ஜேர்மன்காரி அதற்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள்.

காப்புறுதியின் முடிவுக் கடிதம் இதை எழுதும்வரை வரவில்லை. அந்தக் கொப்பியின் பிரதியை இரண்டாம் தடவையும் கேட்டிருந்தார்கள், போன கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினோம். அண்ணை இடைவேளையில் கோப்பி குடிக்க எங்களிடம் வருவார். இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்று, அன்றைய படத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பார்ப்பார். "ஒரு அஞ்சு செக்கன் கூடப் போட்டிட்டாய் தம்பி" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.